எங்கள் டாக்டருக்குக் காட்டாத படம்

2006 பிப்ரவரி. என் மனைவிக்கு வயிற்று உப்புசம். எங்கள் குடும்ப மருத்துவர் இரண்டு வாரம் மருந்து கொடுத்தார். குறையவில்லை. வயிற்று ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்தார்.

2006 மார்ச். திருப்பூரில் ஸ்கேன் எடுக்கப்பட்டது. சினைப்பையில் கட்டி. அன்று மாலையே படத்துடன் கோவைக்குச் சென்றோம்.

2006 ஏப்ரல். கோவையில் அறுவை சிகிச்சை. புற்றுநோய் என்று உறுதியானது.

2006 மே முதல் செப்டம்பர் வரை. ஆறு முறை மருந்து ஏற்றப்பட்டது. ஜூன் மாதம், இரண்டாம் முறைக்குப் பின், சர்க்கரை குறைந்து வீட்டில் நினைவு தடுமாறினாள்.

2007 மார்ச். நோய் திரும்பியது.

2007 ஆகஸ்ட். வீட்டில் இறந்தாள்.

கல்லூரியில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்தவன் நான். நடந்ததை முதலில் வரிசைப்படுத்திவிட்டு அதன் பிறகே அதைப் பற்றிப் பேசுவது என் பழக்கம். மேலே உள்ள வரிசையில் ஜூன் மாத நிகழ்ச்சி, அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டால் சிறியது. மருத்துவமனைக் கோப்பில் அது இடம்பெறவே இல்லை. ஆயினும் எங்கள் வீட்டில் அந்த நோயின் காலம் ஜூனுக்கு முன், ஜூனுக்குப் பின் என்றுதான் பிரிந்து கிடக்கிறது.

எங்கள் டாக்டரின் கிளினிக் வீட்டிலிருந்து சில தெருக்கள் தள்ளி, ஒரு பனியன் கம்பெனிக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில் இருக்கிறது. அவர் என் வயதுக்காரர். என் மகளுக்கு அம்மை வார்த்தபோது பார்த்தவர் அவர். என் மனைவியின் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கண்டுபிடித்தவரும் அவரே. மாலையில் ஷிப்ட் விட்டதும் தையல்காரர்களும் துணியில் பிழை பார்க்கும் செக்கிங் பெண்களும் வந்து பெஞ்சுகளை நிறைப்பார்கள். முதலில் தெற்கிலிருந்து வந்தவர்கள், பிறகு பீகார் பையன்கள். அந்தப் பையன்களுக்காக டாக்டர் கொஞ்சம் இந்தி கற்றுக்கொண்டார். காய்ச்சலா, எத்தனை நாளாக என்பதை "புகாருங்களா? கித்னா தினுங்க?" என்று கேட்பார்.

என் மனைவி நகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிழை கண்டால் சும்மா இருக்கமாட்டாள்.

"இந்திக்கே ‘ங்க’ போட்டுப் பேசற ஒரே ஆளு நீங்கதானுங்க டாக்டர்" என்றாள் ஒருமுறை.

"மரியாத கொறையக் கூடாதுங்களே டீச்சர். அவங்களும் நம்மூருக்கு வந்த ஒறம்பரதானுங்க."

உறவினரையும் விருந்தினரையும் ஒரே சொல்லால் ஒறம்பரை என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

ஸ்கேன் அறிக்கை வந்த மாலை, என் மருமகன் காரோடு வந்து நின்றார். சிறிய அளவில் ஏற்றுமதி நடத்துகிறவர், முடிவெடுப்பதில் தயக்கமில்லாதவர், மாமியார்மேல் உண்மையான பாசம் உள்ளவர்.

"யோசிக்கவே வேண்டாமுங்க அத்தை. கோயமுத்தூர்ல ஸ்கேன், ஆப்பரேசன், மருந்து எல்லாமே ஒரே பில்டிங்ல முடிஞ்சிருமுங்க."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிறலாமே மாப்ள."

"வந்து சொல்லிக்கலாமுங்க."

கார் கிளினிக் வாசல் வழியாகத்தான் போனது. பெஞ்சு நிறைய ஆட்கள். அவள் கழுத்தைத் திருப்பி அந்தக் கட்டடம் மறையும்வரை பார்த்தாள். படம் அவள் மடியில் இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும், டாக்டரிடம் போய் விவரம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அவள் தடுத்துவிட்டாள்.

"இப்பப் போயி என்னன்னுங்க சொல்றது? அவரு எழுதிக் குடுத்த ஸ்கேனு. படத்தக்கூடக் காட்டாமப் போயிட்டு, எல்லாம் முடிஞ்ச பொறவு எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போயி நிக்கறது?"

"அவர் அப்படி நினைக்கிற ஆள் இல்லை."

"அவரு நெனைக்க மாட்டாருங்க. அதனாலதான் எனக்குச் சங்கட்டமா இருக்குது."

வெளியூர்க்காரர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். எங்கள் பக்கத்தில் சொல்லாமல் போவது பெரிய குறை. அழைக்காமல் வருவது அதைவிடப் பெரியது. நல்ல காரியத்துக்கு நேரில் வந்து அழைத்தால்தான் வருவார்கள். தபாலில் போன பத்திரிகை அழைப்பாகாது. கெட்ட காரியத்துக்கு யாரும் அழைக்கமாட்டார்கள், கேள்விப்பட்டதும் வந்துவிடுவார்கள். நோய் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அதற்கென்று எங்களிடம் முறை எதுவும் இல்லை.

ஆகவே அவள் கோவிலுக்குப் போகும்போது கிளினிக் இல்லாத தெரு வழியாகச் சுற்றிப் போனாள். மருந்து வாங்க என்னை வேறு கடைக்கு அனுப்பினாள். வழக்கமான கடை கிளினிக்குக்கு நேர் எதிரில் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் தன் உடம்பை அறிந்த ஒரே மனிதரிடமிருந்து, மரியாதை காரணமாக, அவள் ஒளிந்து திரிந்தாள்.

கோவை மருத்துவமனையைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அறுவை சிகிச்சை செய்தவர் கைதேர்ந்தவர். மருந்து ஏற்றிய நிபுணர் என் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்த மருந்துகளின் மூலக்கூறு அமைப்பை நான் அறிவேன் என்று தெரிந்தபின், என்னோடு பேசுவதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் என் மனைவியை முதலில் பார்ப்பவர் வேறோர் இளம் மருத்துவர்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"பரவால்லீங்க."

அவர் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுவார். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தலைகீழாகத் தெரியும். குறைகள் எதுவும் இல்லை என்பதே அந்த வரி. உள்ளங்கால் எரிச்சலில் அவள் தூங்காத இரவுக்கு அடுத்த நாளும் அதே வரிதான்.

மருந்து ஏற்றும்போது தரும் மற்றோர் ஊசியால் அவளுக்குச் சர்க்கரை ஏறியது. வார்டில் இருந்த சர்க்கரை மருத்துவர் அவளுடைய மாத்திரையை இரட்டிப்பாக்கினார். வார்டில் அது சரியான முடிவு. வீட்டுக்கு வந்தபின் அவளுக்கு வாந்தி. கஞ்சிகூட உள்ளே தங்கவில்லை. மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் விழுங்கினாள். சொன்னதைச் செய்யாத பிள்ளைகளை அவளுக்கு எப்போதும் பிடிக்காது.

ஜூன் மாதம் ஒரு காலை, நான் எழுப்பியபோது அவள் கண்ணைத் திறந்து என்னை யாரென்று தெரியாதவள்போலப் பார்த்தாள். உடல் முழுவதும் வியர்வை. பேச்சு குழறியது. கோவைக்குத் தொலைபேசினேன். உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். கோவை ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். பக்கத்து வீட்டு அம்மாளை அவளருகில் உட்காரவைத்துவிட்டு கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டர் அப்போதுதான் வந்திருந்தார். "டீச்சருக்கு" என்று தொடங்கினேன். நான் முடிப்பதற்குள் பையை எடுத்துவிட்டார். பெஞ்சில் இருந்தவர்களிடம், "உக்காந்திருங்க, வந்தர்றேன்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு முன்னால் அவர் நடந்தார்.

விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் பார்த்தார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். பாட்டில் பாதிகூட இறங்கியிருக்காது. அவள் முகம் தெளிந்து பழையபடி ஆனது. முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு கட்டிலின் மறுபக்கம்.

"படத்தக் காட்டாமப் போயிட்டமுங்க டாக்டர்."

"அதுக்கென்னுங்க டீச்சர். இப்பக் காட்டுங்க."

நான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். அந்தப் படத்தில் இருந்த கட்டியை வெட்டி எடுத்து மாதக்கணக்காகிவிட்டது. இருந்தும் அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு வாரம் வாயு மாத்திர குடுத்துட்டு இருந்தேனுங்களே" என்றார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் லேட் பண்ணிட்டேன்னு உங்களுக்கு மனசுல இருக்குமோன்னு நெனச்சுட்டேனுங்க."

"அய்யோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"எதுத்த மருந்துக்கடைக்காரரு சொன்னாருங்க, புரொபசரு வேற கடையில மருந்து வாங்கறாருன்னு. அப்பவே தெரியுமுங்க எனக்கு. கூப்பிடாம எப்படீங்க வர்றது?"

பக்கத்து வீட்டு அம்மாள் எழுந்து, காப்பி வைக்கிறேன் என்று சமையலறைக்குப் போனாள்.

அன்று மாத்திரையின் அளவைக் குறைத்தார். சாப்பிட முடியாத நாளில் எதை விழுங்க வேண்டும், எதை விடவேண்டும் என்று அவளுக்குச் சொன்னார். பாடம் நடத்துவதுபோல அவளைத் திரும்பச் சொல்ல வைத்தார். கிளம்பும்போது படத்தையும் கையோடு எடுத்துப் போனார். கிளினிக்கிலிருந்தே கோவை நிபுணரைத் தொலைபேசியில் பிடித்து, மாற்றியதைத் தெரிவித்தார். காத்திருந்த நோயாளிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு நான் அதைக் கேட்டேன். நிபுணர் மறுப்புச் சொல்லவில்லை. நல்லதாகப் போயிற்று என்றாராம். இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே தமக்குத் தெரியாதே என்றும் சொன்னாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டுக்கு வந்திருந்தபோது மருமகனும் இருந்தார். நடந்ததை நினைத்து நினைத்து அவர் தமக்குத் தெரிந்த மொழியில் ஒரு விளக்கத்துக்கு வந்திருந்தார்.

"எங்க லைன்ல எல்லாமே ஜாப் ஒர்க்குங்க டாக்டர். நிட்டிங் ஒருத்தரு, டையிங் ஒருத்தரு, கட்டிங் ஒருத்தரு, தைக்கறது ஒருத்தரு. ஆளாளுக்கு அவங்கவங்க வேலையக் கரெக்டாத்தான் பண்ணுவாங்க. ஆனா துணி லாட் பின்னாடியே ஃபாலோ-அப்புக்கு ஒரு ஆளு போகலீன்னா பீஸ் வெளங்காதுங்க. அத்தை விசயத்துல அந்த ஆள நான் போடவே இல்லீங்க."

"அந்தச் சோலிய எனக்குக் குடுத்துருங்க மாப்ள. சம்பளமெல்லாம் வேண்டாமுங்க. டீச்சர் காப்பி குடுத்தாப் போதும்."

"சர்க்கர இல்லாமத்தானுங்க கெடைக்கும்" என்றாள் அவள் கட்டிலில் இருந்தபடி.

அதன்பின் டாக்டர் வாரந்தோறும் வந்தார். எப்படி இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. "இன்னைக்கு வாசல்ல கோலம் யாருங்க போட்டது?" என்பார். "நீங்க போட்ட கோலம் இல்லீங்களே, கோடு நேரா இல்ல." அல்லது, "தண்ணி வண்டி வந்தப்ப வெளிய வந்தீங்களா டீச்சர்?" என்பார். அந்தப் பதில்களிலிருந்து அவளுடைய கால் எரிச்சலையும் களைப்பையும் அளந்து, மருந்தைக் கூட்டினார், குறைத்தார்.

ஒருநாள் வாசல் கேட்டருகே என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "டீச்சர் ‘பரவால்லீங்க’ன்னு சொன்னா நம்பாதீங்க புரொபசர். நல்லா இருக்கற அன்னைக்கு அவங்க அப்படிச் சொல்லவே மாட்டாங்க. எதுலயாவது குத்தம் கண்டுபுடிப்பாங்க."

அவளோடு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவன் நான். அதை அவர் சொன்னபிறகுதான் சரிபார்த்தேன். அது முற்றிலும் சரியாக இருந்தது.

செப்டம்பரில் சிகிச்சை முடிந்தது. அடுத்து வந்த பொங்கலுக்கு அவள் தன் பிறந்த ஊரான சேவூருக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். மார்ச்சில் வயிறு மறுபடி உப்பத் தொடங்கியது. இந்த முறை டாக்டர் இரண்டு வாரம் பார்க்கவில்லை. தொட்டுப் பார்த்த அன்றே கோவைக்குப் பேசினார். பரிசோதனை முடிவு தெரியும் நாளில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு எங்களோடு காரில் ஏறினார்.

மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு ஒரு துணைக்குத்தான் பாஸ். காவலாளி டாக்டரை நிறுத்திவிட்டார். தாம் யாரென்று சொல்லாமல், அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே நிபுணர் பேசத் தொடங்கினார். என் மனைவி கையை உயர்த்தினாள். வகுப்பில் பிள்ளைகள் அப்படித்தான் உயர்த்தும்.

"எங்க டாக்டரு வெளிய உக்காந்திருக்காருங்க. அவரு இருந்தாத்தான் எனக்குப் புரியுமுங்க."

ஓராண்டில் அந்தக் கட்டடத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். நிபுணர் எழுந்து, தாமே வெளியே போய், டாக்டரை அழைத்து வந்து தம் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு இருவரும் மருத்துவர்களுக்குரிய மொழியில் பேசிக்கொண்டார்கள். பேசியது நிபுணர், அவளோ எங்கள் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் அவிநாசிக்கு முன் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். மருமகன் டீ சொல்லப் போனார். கார்க் கதவு திறந்திருந்தது. டாக்டர் வெளியே நின்றிருந்தார்.

"நீங்க சொல்லுங்க டாக்டர். மறுக்கா அந்த மருந்த ஏத்தோணுமாங்க?"

"ஏத்துனா கொஞ்ச நாளு சேந்து வரலாமுங்க. அதுலயும் பாதி இந்த ரோட்டுலயும் வாந்தியிலயும் போயிருமுங்க." குனிந்து காருக்குள் பார்த்தார். "முழுசாக் கொணமாகாதுங்க டீச்சர்."

"ஊட்லயே இருந்துட்டா?"

"நோவுக்கு நல்ல மருந்து இருக்குதுங்க. நானும் இருக்கேனுங்க."

"கூப்பிட்டா வருவீங்களா?"

"இனிமேக் கூப்பிடாமயே வருவேனுங்க."

அவள் ரோட்டைப் பார்த்தாள். பனியன் துணி ஏற்றிய ஒரு வேன் போனது.

"கெட்ட காரியத்துக்குத்தானுங்க கூப்பிடாம வருவாங்க" என்றாள்.

மருமகன் டீ கொண்டுவந்தார். அவள் தன் கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "சரிங்க. ஊட்லயே இருக்கறேன்" என்றாள்.

கோவையிலிருந்து வலி மாத்திரைகள் வந்தன. எத்தனை, எப்போது என்பதை டாக்டர் தீர்மானித்தார். வயிற்றில் நீர் கோத்தபோது ஒரு நாள் மட்டும் கோவைக்குப் போய் எடுத்துவிட்டு வந்தோம். மற்ற நாட்கள் எல்லாம் அவளுடையவை. ஆடி மாதக் காற்றில் கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். வாசலைப் பார்த்தபடி, போகிற வருகிறவர்களைப் பற்றி எனக்குச் செய்தி சொன்னாள்.

ஆகஸ்டில் ஒருநாள், டாக்டர் வந்து போனபின் சொன்னாள்: "எத்தனதரம் வந்துட்டாரு. எல்லாம் டாக்டராத்தான். ஒறம்பரையா ஒருக்கா வந்ததில்லீங்க. அவரையும் அந்தம்மாளையும் ஒரு நேரம் சோறு உண்ண வரச் சொல்லோணும்."

"சொல்லிவிடலாம்."

"போன்ல சொல்லிராதீங்க. நேர்ல போயிக் கூப்பிடோணும். நான் எந்திரிச்சு நடமாடறப்பச் சொல்றேன். அப்பப் போனாப் போதும்."

கடைசியாக டாக்டர் அவளைப் பேசவைத்தது அதற்கடுத்த வாரம். அவள் கண்ணை மூடியே கிடந்தாள். அவர் கட்டில் ஓரம் உட்கார்ந்து, அவர் கேட்காத அந்தக் கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டார்.

"எப்படீங்க இருக்குது டீச்சர்?"

நான் அவளுடைய உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஃபேன் சத்தம் போடுதுங்க" என்றாள். "எத்தனதரம் சொல்லிட்டேன். யாரும் கேக்கறதில்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவளுக்கு வலி இல்லை.

மறுநாள் காலை அவள் இறந்தாள். அவர் முன்னதாகவே வந்துவிட்டிருந்தார், நான் அழைக்கவில்லை. நாடி பார்த்துவிட்டு, கையை உடனே விடாமல் சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் வந்தபோது, கேள்விப்பட்டு வந்தவர்களோடு ஒருவராக, மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தார். அன்று கிளினிக் திறக்கவில்லை.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

கோவை மருத்துவமனைக்கு அவள் இறந்ததைத் தெரிவிப்பது. பரிசோதனைக்கு வரச் சொல்லி அங்கிருந்து தொலைபேசி வருகிறது.

மீதமுள்ள வலி மாத்திரைகளைத் திருப்பிக் கொடுப்பது.

டாக்டரிடம் தங்கிவிட்ட ஸ்கேன் படத்தை வாங்கி வருவது.

கூடத்து மின்விசிறியைப் பழுது பார்ப்பது.

டாக்டரையும் அவர் மனைவியையும் ஒரு நேரம் சாப்பிட அழைப்பது. நேரில் போய்.